அந்தி நேரத்து இரண்டு பாடல்கள்: ஆங்கிலிகன் மாலை வழிபாட்டு இசை – ஓர் அறிமுகம்

மாலை நேரம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுச் சொத்து. விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக்கூடாது, கையிலிருந்து பணம் கொடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் நம் பெரியவர்கள் நம்மை வளர்த்தார்கள். சமணர்களாகிய எங்கள் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதன்பின், தெரிந்தும் தெரியாமலும் அன்றைக்குச் செய்த பிழைகளை நினைத்து வருந்துவது எங்கள் நெறி; அதற்குப் பிரதிக்கிரமணம் என்று பெயர். இஸ்லாமிய அன்பர்களுக்கு மஃரிப் தொழுகை உண்டு. அதேபோல இங்கிலாந்தின் ஆங்கிலிகன் திருச்சபையிலும் ஓர் அந்தி வழிபாடு உண்டு. அதை ‘ஈவன்சாங்’ என்பார்கள். அதன் நடுவில் நின்று ஒளி தருகிற இரண்டு பாடல்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பாத்திரக் கடைக்காரனுக்கு வெள்ளைக்காரன் கோயில் பாட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல வருஷங்களுக்கு முன் கடைக்கு வாடிக்கையாக வரும் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவப் பெரியவர் ஒருவர் ஒரு குறுந்தகட்டைக் கையில் கொடுத்து, “அண்ணாச்சி, கடை சாத்தினப்புறம் தனியா உக்காந்து கேளுங்க. கணக்குப் பாத்துக்கிட்டே கேக்காதீங்க” என்றார். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. தாளம் போட இடமில்லை. பல்லவி திரும்பி வரவில்லை. நாலைந்து தடவை கேட்டபிறகு, வயதான ஒருவர் மெல்லப் பேசுவதுபோல ஓர் ஆண் குரல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. அந்தக் குரல் யாருடையது, என்ன சொல்கிறது என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

இரண்டு பாடல்கள், இரண்டு வயது

இரண்டு பாடல்களும் பைபிளில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருபவை. முதலாவது மரியாளின் பாடல் (அதிகாரம் 1, வசனம் 46 முதல் 55 வரை). இதன் லத்தீன் வடிவத்தின் முதல் சொல்லை வைத்து ‘மக்னிஃபிகாட்’ என்று அழைக்கிறார்கள். கருவுற்ற இளம்பெண் மரியாள், மலைநாட்டில் இருந்த உறவினள் எலிசபெத்தைப் பார்க்கப் போனபோது பாடியது. தாழ்ந்த நிலையிலிருந்த தன்னை இறைவன் கண்ணோக்கினான் என்ற மகிழ்ச்சியில் தொடங்கும். ஆனால் அது வெறும் மகிழ்ச்சிப் பாட்டு அல்ல. ஆணவக்காரர் சிதறுவர், ஆசனத்தில் இருப்பவர் இறக்கப்படுவர், எளியவர் உயர்வர், பசித்தவர் வயிறு நிறையும், பணக்காரர் வெறுங்கையோடு திரும்புவர் என்று போகிறது பொருள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கடைசி வரி சுருக்கென்று தைக்கும்.

இரண்டாவது சிமியோனின் பாடல் (அதிகாரம் 2, வசனம் 29 முதல் 32 வரை). இதன் லத்தீன் பெயர் ‘நுன்க் டிமிட்டிஸ்’. ‘இப்போது விடை தருகிறாய்’ என்று பொருள். சிமியோன் எருசலேமில் வாழ்ந்த பக்திமான். மீட்பரைக் கண்ணால் காணும்வரை மரணம் இல்லை என்ற வாக்கைப் பெற்றவர். குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது கையில் வாங்கி ஏந்திக்கொண்டார். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டேன், இனி நிம்மதியாகப் போக விடு என்று நாலே வசனத்தில் பாடி முடித்தார்.

ஒன்று வாழ்க்கையின் வாசலில் நிற்கும் பெண்ணின் பாட்டு. மற்றது புறப்படத் தயாராக நிற்கும் முதியவரின் பாட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார்?

வழிபாட்டில் இவற்றின் இடம்

பழைய கத்தோலிக்க மடங்களில் பகலையும் இரவையும் பல வேளைகளாகப் பிரித்துத் தொழுவார்கள். மாலையில் ‘வெஸ்பர்ஸ்’, படுக்கப்போகும் முன் ‘கம்ப்ளின்’. மரியாளின் பாடல் முன்னதில் இருந்தது, சிமியோனின் பாடல் பின்னதில் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபை ரோமாபுரியை விட்டுப் பிரிந்தபின், கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் 1549ல் பொது ஜெபப் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மடத்துத் துறவிகளுக்கு என்றிருந்த பல வேளைத் தொழுகைகளைச் சுருக்கி, சாதாரண மக்களுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஆக்கினார். இரண்டு இரவுத் தொழுகைகளும் ஒன்றானபோது இரண்டு பாடல்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

வழிபாட்டு வரிசை எளிமையானது. முதலில் சங்கீதங்கள். (தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாவீதின் துதிப்பாடல்களுக்குச் ‘சங்கீதம்’ என்றே பெயர் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!) பிறகு பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசிப்பு, அதைத் தொடர்ந்து மரியாளின் பாடல். அடுத்துப் புதிய ஏற்பாட்டிலிருந்து வாசிப்பு. தொடர்ந்து சிமியோனின் பாடல். அதன்பின் விசுவாசப் பிரமாணம், ஜெபங்கள், இன்னொரு பாடல். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் இடையில் மரியாள் ஒரு வாசற்படிபோல நிற்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

பாடகர் குழு இரண்டு அணியாக எதிரெதிரே நிற்கும். ஒரு பக்கத்துக்கு ‘டெகானி’, மறுபக்கத்துக்கு ‘கான்டோரிஸ்’ என்று பெயர். ஒரு பக்கம் எடுக்க, மறுபக்கம் தொடுக்க, சில இடங்களில் இரண்டும் கலக்கும். வைணவக் கோயில்களில் பிரபந்த கோஷ்டி இரண்டு வரிசையாக நின்று மாற்றி மாற்றிச் சேவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது.

சொல் ஒன்று, மெட்டு நூறு

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நம் கீர்த்தனைகளில் சாகித்தியமும் இராகமும் பெரும்பாலும் கூடவே பிறக்கும். தியாகராஜர் ஒரு கிருதியை எந்த இராகத்தில் அமைத்தாரோ அதில்தான் பாடுவோம். இங்கே அப்படியில்லை. சொற்கள் ஜெபப் புத்தகத்தில் நிலையாக இருக்கின்றன. ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் நானூறு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு தலைமுறை இசைஞரும் அதே சொற்களுக்குப் புது மெட்டு அமைத்துவருகிறார்கள். இரண்டு பாடல்களையும் ஜோடியாகச் சேர்த்து அமைப்பதுதான் வழக்கம். அந்த ஜோடியை ‘ஈவினிங் சர்வீஸ்’ என்பார்கள். டாலிஸ், பேர்ட், கிப்பன்ஸ் என்று 16, 17ஆம் நூற்றாண்டு மேதைகள் தொடங்கிவைத்தது இன்றும் நிற்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் இசை ஒற்றைக் கோடாகப் போகும். சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் இராகத்தை விரிக்கும். இவர்கள் இசையில் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நடக்கும். மேலே சிறுவர்களின் ‘ட்ரெபிள்’, அதன்கீழ் ‘ஆல்டோ’, அடுத்து ‘டெனர்’, அடியில் ‘பேஸ்’. நான்கும் சேரும் இடத்தில் பிறப்பதுதான் அந்த இசையின் சுவை. யாருக்கு எந்த வரியைக் கொடுப்பது என்பதில் இசையமைப்பாளரின் புத்தி தெரியும்.

ஒரு உதாரணம். அயர்லாந்தில் டப்ளினில் 1852ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சார்ல்ஸ் ஸ்டான்ஃபோர்டு பல சர்வீஸ்கள் எழுதினார். 1904ல் வெளியான ‘ஜி’ சுருதி சர்வீஸில் மரியாளின் பாடலை ஒரு சிறுவன் தனிக்குரலில் பாடுகிறான். கூடவே ஆர்கன் வாத்தியம் சுழன்றுகொண்டே இருக்கிறது. இராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து நூற்கும் பெண்ணின் நினைவு வரும் என்று இரசிகர்கள் சொல்வது வழக்கம். அடுத்து சிமியோனின் பாடல், ஆழ்ந்த பேஸ் குரலில் வருகிறது. இளமைக்கு உச்சம், முதுமைக்கு மந்திரம். சொல்லப்போனால் இது நாடகமே. ஆனால் யாரும் வேஷம் கட்டுவதில்லை.

ஹெர்பர்ட் ஹவல்ஸ்

எனக்குக் கிடைத்த குறுந்தகட்டில் இருந்தது ஸ்டான்ஃபோர்டின் மாணவர் ஒருவருடைய படைப்பு. பெயர் ஹெர்பர்ட் ஹவல்ஸ். 1892ல் இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயர் மாவட்டத்தில் லிட்னி என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கட்டட வேலைக்காரர். தொழில் நொடித்துத் திவாலானார். சின்ன ஊரில் திவால் என்றால் குடும்பம் எப்படித் தலைகுனிந்து நடக்கும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிள்ளை குளஸ்டர் பேராலயத்தில் இசை பயின்று, 1912ல் உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1915ல் கடுமையான தைராய்டு நோய் கண்டது. ஆறு மாதம்தான் என்று மருத்துவர்கள் நாள் குறித்தார்கள். அப்போது புதிதாக இருந்த ரேடியம் சிகிச்சையில் பிழைத்தார். குறித்த ஆறு மாதம் கடந்து 1983 வரை, 90 வயது வாழ்ந்தார்.

ஆனால் விதி வேறொரு இடத்தில் அடித்தது. 1935 செப்டம்பரில் அவருடைய ஒரே மகன் மைக்கேல் இளம்பிள்ளைவாதத்தால் இறந்துபோனான். வயது ஒன்பது. தகப்பன் நொறுங்கிப்போனார். மகனை நினைத்து ஓர் இசைப்படைப்பு எழுதுங்களேன் என்று மகள் அர்சுலா சொன்ன யோசனையால் ‘ஹிம்னஸ் பாரடைசி’ என்ற பெரிய படைப்பை எழுதினார். எழுதியதை யாருக்கும் காட்டாமல் பல வருஷம் பெட்டியில் வைத்திருந்தார். 1950ல்தான் அது குளஸ்டரில் அரங்கேறியது. ஒரு கீதத்தின் மெட்டுக்கு ‘மைக்கேல்’ என்றே பெயர் வைத்தார்.

ஒரு கினி பந்தயம்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941 முதல் 1945 வரை, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஹவல்ஸ் தற்காலிக ஆர்கன் வாசிப்பாளராக இருந்தார். அங்கே பக்கத்தில் கிங்ஸ் கல்லூரி. ஒருநாள் தேநீர் வேளையில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் தலைமைக் குருவானவர், கூடியிருந்த இசைஞர்களைப் பார்த்து, எங்கள் பாடகர் குழுவுக்கு ஒரு காலைத் துதிப்பாடல் எழுதித் தந்தால் ஒரு கினி தருகிறேன் என்று பந்தயம் வைத்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். பந்தயத்தை ஏற்று எழுதியவர் ஹவல்ஸ். காலைப் பாடல்கள் 1944ல் முடிந்தன. அதன் தொடர்ச்சியாக 1945ல் மாலைப் பாடல்கள் இரண்டையும் எழுதினார். இதற்கு ‘கொலீஜியம் ரெகாலே’ என்று பெயர். கிங்ஸ் கல்லூரியின் லத்தீன் பெயர் அது. ஒரு கினியில் தொடங்கிய வரவு, திருச்சபைக்கு இன்றுவரை வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் படைப்பில் என்ன விசேஷம்? வல்லவரை ஆசனத்திலிருந்து இறக்குவது பற்றிய இடம் வந்தால் எல்லாக் குரலையும் முழக்கிவிடுவதுதான் சுலபமான வழி. ஹவல்ஸ் அப்படிச் செய்யவில்லை. பாடுவது ஒரு பெண். அந்தப் பெண்மையை மறந்து முரட்டுத்தனம் காட்டக்கூடாது என்று எண்ணியதாகவும், சிமியோனை மென்மையானவராகக் காட்ட டெனர் குரலைத் தேர்ந்ததாகவும், இரண்டின் முடிவிலும் வரும் ‘குளோரியா’ துதியில் மட்டுமே குரல் ஓங்கவேண்டும் என்று வைத்ததாகவும் பின்னாளில் ஓர் இசைத்தட்டுக் குறிப்பில் அவரே விளக்கியிருக்கிறார். தொடக்க வரிகளைச் சிறுவர்கள் மெல்ல எடுக்கிறார்கள். சிமியோன் வரும்போது டெனர் தனிக்குரல் மேலே மிதக்க, மற்றக் குரல்கள் தாழ்ந்து தாங்குகின்றன.

என் மனதில் தங்கிவிட்ட குரல் அதுதான். மகனுக்காகத்தான் அதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் மகனை மண்ணில் வைத்துப் பத்து வருஷம் ஆன ஒரு தகப்பன், கையில் குழந்தையை ஏந்தியபடி நிம்மதியாக விடைகேட்கும் முதியவருக்கு மெட்டு அமைக்கிறார் என்பது உண்மை. அதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பாட்டை முன்போல என்னால் கேட்க முடியவில்லை.

எங்கள் சமணத்தில் நல்ல சாவைச் ‘சமாதி மரணம்’ என்போம். செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பழங்கல்வெட்டு இருக்கிறது. அந்த வழி வேறு, சிமியோன் வழி வேறு. துறவி பற்றை ஒவ்வொன்றாக விட்டுப் போகிறார். சிமியோன் காத்திருந்தது கைக்கு வந்தபின் போகிறார். ஆனால் போகும்போது முகத்தில் இருக்கும் அமைதி ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கட்டடமும் ஒரு வாத்தியம்

ஹவல்ஸ் சுமார் 20 மாலை சர்வீஸ்கள் எழுதினார். பலவற்றை ஒரு குறிப்பிட்ட பேராலயத்தை மனதில் வைத்து எழுதினார். 1946ல் தான் படித்த குளஸ்டருக்கு. 1951ல் லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கு. செயின்ட் பால்ஸின் பெரிய குவிமாடத்தின்கீழ் ஒரு சுரம் பாடினால் அது பல விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுரக்கூட்டை அவசரமாக மாற்றினால் பழைய எதிரொலியும் புதிய ஒலியும் மோதிச் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் அங்கே இசையை நிதானமாக நகர்த்தினார். 1446ல் அடிக்கல் நாட்டி 1515ல் கல்வேலை முடிந்த கிங்ஸ் கல்லூரித் தேவாலயம், விசிறி விரித்தாற்போன்ற கல்கூரை கொண்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து அதன் வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதியைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அந்த நாட்களில்தான் இந்த இசை பிறந்தது.

பதினைந்து வருஷ மௌனம்

இந்த மரபு தடையில்லாமல் வந்தது என்று நினைக்கவேண்டாம். உள்நாட்டுப் போரின்போது 1645ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஜெபப் புத்தகத்தையே விலக்கியது. பேராலயப் பாடகர் குழுக்கள் கலைந்தன, ஆர்கன்கள் உடைக்கப்பட்டன. 1660ல் அரசர் திரும்பிவந்தபோது, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொடர்ச்சியே அறுந்திருந்தது. பழைய ஆட்கள் சிலரைத் தேடிப்பிடித்து மறுபடி தொடங்கினார்கள். 1662ல் திருத்திய ஜெபப் புத்தகம் வந்தது.

இன்னொன்று யோசியுங்கள். குழுவின் உச்சக்குரல்கள் சுமார் 8 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுடையவை. கிங்ஸ் கல்லூரிக் குழுவில் 16 சிறுவர்கள். கூடவே 14 கல்லூரி மாணவர்கள். பையனுக்குக் குரல் உடைந்தால் அவன் இடத்துக்கு அடுத்தவன் வரவேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முழுக் குழுவும் மாறிவிடுகிறது. பாட்டு மட்டும் மாறுவதில்லை. 1991ல் சாலிஸ்பரி பேராலயம் பெண் பிள்ளைகளுக்கும் தனிக்குழு அமைத்து வழிகாட்டியது. ஹவல்ஸ் ஆர்கன் வாசித்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக் குழுவில் 2022 முதல் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். பி.பி.சி. வானொலி 1926ல் தொடங்கிய ஈவன்சாங் ஒலிபரப்பு வாராவாரம் இன்றும் வருகிறது.

சபை நிறைந்து வழிகிறதா என்றால், இல்லை. மழைக்கால வாரநாளில் பாடுபவர்களைவிடக் கேட்பவர்கள் குறைவாக இருப்பதும் உண்டு. அப்போதும் பாட்டைச் சுருக்குவதில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்திக்கு விளக்கேற்றுகிறோமே, அதுபோலத்தான்.

நமக்கும் இதற்கும்

திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கம் ஆங்கிலிகன் மிஷன்கள் வேரூன்றியபோது ஜெபப் புத்தகம் தமிழுக்கும் வந்தது. ஆகவே மரியாளும் சிமியோனும் தமிழிலும் பல தலைமுறையாகப் பேசிவருகிறார்கள். 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிகன்களும் அதில் கலந்தார்கள். வட இந்தியத் திருச்சபை 1970ல் உருவானது. வெளிமாநிலங்களில் இருக்கும் நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது சொந்த வீட்டுச் சமாச்சாரம். மற்றவர்களுக்கு அடுத்த வீட்டுச் சமாச்சாரம். அடுத்த வீட்டை அறிவதும் அவசியம்தான்.

கேட்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை. ஸ்டான்ஃபோர்டின் ‘ஜி’ சர்வீஸை முதலில் கேளுங்கள். சிறுவன் குரலும் முதியவர் குரலும் தெளிவாகத் தெரியும். பிறகு ஹவல்ஸின் ‘கொலீஜியம் ரெகாலே’. இரண்டு பாடலும் சேர்ந்து ஏறக்குறைய பத்து நிமிஷம்தான். தமிழ் பைபிளில் அந்த வசனங்களை முன்னால் வைத்துக்கொண்டால் பொருள் பிடிபடும். தாளத்தைத் தேடாதீர்கள், சொல்லின் மூச்சைப் பின்தொடருங்கள். இங்கிலாந்துக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: பெரிய பேராலயங்களில் சுற்றிப்பார்க்கக் கட்டணம் உண்டு, மாலை வழிபாட்டில் உட்கார்ந்து கேட்கக் காசு கிடையாது, எந்தச் சமயம் என்றும் கேட்பதில்லை.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்புகளிலும் பிள்ளைகள் வருகிறார்கள், வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். “இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்து என்ன மிஞ்சிச்சு?” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அங்கேயும் எல்லாப் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள் என்பதுதான் அதற்கு என் பதில். போகும்முன் அடுத்த பிள்ளை பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறது. அவ்வளவு போதும்.

ஹவல்ஸின் அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில், தன் ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டின் அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் மாலையில் ஈவன்சாங் நடக்கிறது. குறுந்தகடு கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. கடை சாத்தியபிறகு சில நாட்கள் அந்தப் பத்து நிமிஷத்தைப் போட்டுக் கேட்கிறேன். அவர் சொன்னபடி, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான்.